வீட்டுத் தொட்டியில் எத்தனை தங்கமீன்? மே மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

"இரண்டடித் தொட்டி வாங்கிவிட்டோம். எத்தனை தங்கமீன் விடலாம்?" மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பத்து, பன்னிரண்டு என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஒன்று என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் அதையே சொல்கிறேன். உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒரண்டா, பிளாக் மூர் போன்ற அலங்கார வகை என்றால் இரண்டடித் தொட்டியில் ஒன்று. மூன்றடியில் மூன்று. நான்கடியில் நான்கு, மிஞ்சினால் ஐந்து. சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில், வெயில் காலத்தில் கூரையே தணலாகக் காயும் அறையில், பல ஆண்டுகள் தங்கமீன் வளர்த்துவிட்டு இதைச் சொல்கிறேன். தொட்டியில் எத்தனை மீன் இருக்கலாம் என்பதை டிசம்பரில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மே மாதத்து இரவில், மின்சாரம் போன நேரத்தில், அத்தனை மீனும் உயிரோடு இருக்குமா என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் தொட்டிகளை அடிக்கணக்கில் விற்கிறார்கள். அதனால் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 57 லிட்டர். அடியில் கல் பரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டால் நிற்பது 45 லிட்டர்தான். அதாவது மூன்று குடம் தண்ணீர். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் உள்ள தொட்டிக்கு 191 லிட்டர். கல்லும் காலியிடமும் போக 165 என்று வைத்துக்கொள்ளலாம். நீளத்தில் ஓரடி கூடினாலும் தண்ணீர் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டதைக் கவனியுங்கள். அகலமும் உயரமும் சேர்ந்து கூடியதால் வந்த லாபம் அது. இந்தத் தொட்டி தண்ணீரோடு 200 கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதால் பழைய மேசை மீதெல்லாம் வைக்க முடியாது. இரும்புத் தாங்கியும் சமமான தரையும் வேண்டும்.

அலங்காரத் தங்கமீன் வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. முதல் மீனுக்கு 75 லிட்டர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர். இந்தக் கணக்கை அப்படியே பிடித்தால் இரண்டடித் தொட்டியில் ஒரு மீனுக்கே இடம் போதாது. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றத் தயாராக இருப்பவர்களுக்காகத்தான் ஒன்று என்கிறேன். தங்கமீன் தன் இனத்தோடு சேர்ந்து வாழும் மீன். இரண்டு இருந்தால் சேர்ந்தே மேய்கின்றன, சேர்ந்தே ஓய்கின்றன. ஆகவே தங்கமீன்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களிடம் இரண்டடித் தொட்டியை மறந்துவிட்டு மூன்றடியில் தொடங்குங்கள் என்பேன். செலவு கூடுதல்தான். ஆனால் இறந்த மீனுக்குப் பதில் மீன் வாங்கிக்கொண்டே இருப்பதைவிட அது குறைவு.

கடையில் பார்க்கும் மீன் நான்கு சென்டிமீட்டர் இருக்கும். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு பத்து மீன் அதிகம் என்று நம்புவது யாருக்கும் கடினம். ஆனால் அது குஞ்சு. அலங்கார வகைகள் வால் உட்பட 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளர்பவை. கோமெட், ஷுபன்கின், சாதாரணத் தங்கமீன் ஆகிய ஒற்றை வால் வகைகள் 25 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடியவை. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டர் மீன் எட்டானால் எட்டுக் குஞ்சுகளின் எடை. பதினாறானால் அறுபத்து நான்கு குஞ்சுகளின் எடை. தின்பதும் கழிவதும் எடைக்கு நேர் விகிதத்தில் கூடாவிட்டாலும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போகும். ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லப்படும் வாய்ப்பாடு தங்கமீனுக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். மெலிந்த சிறு மீன்களுக்காகப் போட்ட கணக்கு அது.

"தொட்டியின் அளவுக்குத்தானே மீன் வளரும்?" என்று கேட்பவர்களும் உண்டு. சிறு தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்மை. அது மீனின் சாமர்த்தியம் இல்லை, கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி குன்றிப்போவது. நன்றாக வளர்த்தால் பத்து, பதினைந்து ஆண்டு வாழக்கூடிய மீன் ஓரிரண்டு ஆண்டில் போய்விடுகிறது. இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த மிகச் சாதாரண மீன் அது. நம் வீட்டு மீன் ஆறு மாதத்தில் இறந்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று ஆறுதல் தேடிக்கொள்கிறோமே, அதற்கு இந்த ஒரு மீன் போதும் பதில் சொல்ல.

வாங்கும்போதே வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோமெட்டையும் பிளாக் மூரையும் ஒரே தொட்டியில் விட்டால் கோமெட் அம்புபோல் வந்து தீவனத்தை எல்லாம் தின்றுவிடும். பிதுங்கிய கண்ணோடு தடுமாறி நீந்தும் மூருக்கும் பபுள் ஐ வகைக்கும் மிச்சம் இருக்காது. இன்னொன்று: தங்கமீன் குஞ்சுகளோடு கோய் கெண்டைக் குஞ்சுகளையும் சில கடைகளில் சேர்த்தே விற்கிறார்கள். வாயோரத்தில் மீசை இருக்கிறதா என்று பாருங்கள். மீசை இருந்தால் கோய். தங்கமீனுக்கு மீசை கிடையாது. கோய் 60 சென்டிமீட்டருக்கு வளரும். அதற்குத் தோட்டத்துக் குளம்தான் இடம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது குடலில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுதும் தேடித் தின்னும், நாள் முழுதும் கழியும். அதோடு, செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். மீன் பண்ணைக்காரர்கள் போடும் கணக்குப்படி, 35 சதவீதம் புரதம் உள்ள ஒரு கிராம் தீவனத்தால் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா தண்ணீரில் சேர்கிறது. நம்முடைய 45 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு கிராம் தீவனம் போட்டால் லிட்டருக்கு 0.67 மில்லிகிராம். அதே ஒரு கிராம் 165 லிட்டரில் 0.18. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இன்று தொட்டி, இன்றே பத்து மீன் என்று தொடங்கும் வீடுகளில் முதல் வாரத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு மர்மம் ஒன்றும் இல்லை.

சென்னை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. பல இடங்களில் கார அமிலக் குறியீடு, அதாவது பிஹெச், எட்டை ஒட்டி இருக்கும். தங்கமீனுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், அதில் குறை இல்லை. ஆனால் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அதில் நச்சு வடிவத்தின் பங்கு பிஹெச்சும் வெப்பமும் கூடக் கூட அதிகமாகும். 25 டிகிரியில் பிஹெச் ஏழாக இருந்தால் நச்சுப் பங்கு 0.6 சதவீதம்கூட இல்லை. எட்டாக இருந்தால் ஐந்து சதவீதத்துக்கு மேல். அதே எட்டில் வெப்பம் 30 டிகிரியானால் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கை அட்டவணைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மூச்சு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். தங்கமீன் சீனத்தில் வளர்ந்து பெருகிய கெண்டைக் குடும்பத்து மீன், குளிர்ந்த தண்ணீரில் சுகப்படுவது. வெப்பம் ஏறும்போது அதன் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்ஸிஜனைக் கேட்கிறது. கேட்பது கூடும் நேரத்தில் இருப்பது குறைகிறது. அக்னி நட்சத்திரத்தின்போது எங்கள் வீட்டுத் தொட்டியின் வெப்பமானி இரவு பத்து மணிக்கும் 31, 32 என்று காட்டும். அப்போது ஏர் பம்ப் நின்றால், நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். இடம் தாராளமாக உள்ள தொட்டியில் அந்த நிலை வர நெடுநேரம் ஆகும். மீன் எண்ணிக்கையைக் குறைப்பதால் நாம் வாங்குவது இந்த நேரத்தைத்தான்.

இதை எனக்கு மனத்தில் பதியவைத்தது மே மாதம்கூட அல்ல, 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல். எங்கள் பகுதியில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. மூன்றடித் தொட்டியில் மூன்று ஒரண்டா இருந்தன. தீவனத்தை உடனே நிறுத்தினேன். வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தின்னாமல் தாராளமாக இருக்கும். வடிகட்டியின் பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டேன். மூடிய பெட்டிக்குள் ஓட்டமில்லாமல் கிடந்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் மூச்சில்லாமல் செத்துவிடும், பிறகு மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் பாயும். நானும் என் கணவரும் மாறி மாறி ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மூன்று மீனும் பிழைத்தன. புயல் கொண்டுவந்த குளிர்ச்சியும் அதற்கு உதவியது. அதே குடியிருப்பில் இரண்டடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு மீன் வைத்திருந்த வீட்டில் மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அழுததைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அவர்களும் எங்களைப்போலவே அக்கறையோடு பார்த்துக்கொண்டவர்கள்தான். தண்ணீருக்கு மீன் அதிகம், வேறு குற்றம் இல்லை.

அதற்குப் பிறகு மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் எங்கள் தொட்டியின் பக்கத்தில் இருக்கிறது. வெயில் நாட்களில் தொட்டியின் மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி சிறிய மின்விசிறியை வைக்கிறேன். இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடுகட்ட வேண்டும். பனிக்கட்டி போடாதீர்கள், வெப்பம் திடீரென இறங்குவது மீனுக்கு இன்னொரு அடி. விளக்கையும் பகலில் அணைத்துவிடலாம். தொட்டி வாங்கும்போதே உயரமானதைவிட அகலமானதைத் தேர்ந்தெடுங்கள். காற்றைத் தொடும் பரப்புத்தான் தண்ணீருக்கு மூச்சு விடும் இடம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அதில் தங்கமீனை வைப்பதை ரோம் நகரம் 2005இலேயே தடை செய்துவிட்டது. நம் வீட்டிலும் தடை செய்துவிடலாம்.

எண்ணிக்கை பற்றிய பேச்சில் வாஸ்து வராமல் இருக்காது. எட்டுத் தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும், ஆக ஒன்பது இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பது பலருடைய நம்பிக்கை. கறுப்பு மீன் இறந்தால் வீட்டுக்கு வந்த கெடுதலைத் தன் மேல் வாங்கிக்கொண்டது என்று சொல்லி அடுத்த நாளே இன்னொன்றை வாங்கி விடுகிறார்கள். எங்கள் எதிர் வீட்டு மாமா அப்படித்தான் மூன்று குடம் தண்ணீரில் ஒன்பது மீனை விட்டிருந்தார். கறுப்பு மீனாக விட்ட மூர் மட்டும் அடிக்கடி இறந்துகொண்டிருந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, மற்றதெல்லாம் இருக்கிறது, இது மட்டும் ஏன் தங்கவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். அம்மோனியா சோதனைத் திரவத்தை எடுத்துப்போய்க் காட்டினேன். மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் நல்ல பச்சையாக மாறியது. கடையிலிருந்து புதிதாக வரும் மீன் அந்தத் தண்ணீரில் திடீரென இறங்குகிறது, பழகிய மீன்கள் முக்கிக்கொண்டு தாங்குகின்றன, அதுதான் வித்தியாசம்.

அவருடைய நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்பது தங்கமீனுக்கு 395 லிட்டர் வேண்டும், அதாவது ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தொட்டி. அது அவர்கள் கூடத்தில் அடங்காது. "மாமா, எட்டு ஆரஞ்சு பிளாட்டி, ஒரு கறுப்பு மோலி. எல்லாம் ஆணாகப் பார்த்து வாங்குவோம். நிறமும் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மாமிதான், "உயிரோடு இருந்தால்தானே சாஸ்திரம்" என்று முடித்துவைத்தார். பிளாட்டி நன்கு வளர்ந்தாலே ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். நம் வெப்பத்தையும் கடினத் தண்ணீரையும் தாங்கும். பெண் மீனைச் சேர்த்துவிட்டால் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், பிறகு ஒன்பது தொண்ணூறாகிவிடும். இடமில்லாத வீட்டில் மீன் ஆசை உள்ளவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். தங்கமீனைக் குறைப்பது ஒரு வழி, தங்கமீன் அல்லாத மீனைத் தேர்வது இன்னொரு வழி.

"டேங்க் கிளீனர்" என்று சொல்லி விற்கும் சக்கர் மீனைத் தங்கமீனோடு விடாதீர்கள். அதுவும் கழிவு சேர்க்கும் மீன்தான், தொட்டியைத் தாண்டி வளரக்கூடியது. இரவில் தங்கமீனின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல் படிந்த வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்கிவிடும். சுத்தம் செய்ய வேண்டியது நாம். என் வழக்கம், வாரம் ஒருமுறை சைஃபன் குழாயால் அடியிலுள்ள கழிவை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுவது. கோடையில் பாதி. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிடுவேன். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ வந்தால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். மே மாதத்தில் மதியம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையில் வாளிகளில் பிடித்து நிழலில் வைத்துவிட்டு மாலையில் மாற்றுவேன்.

வடிகட்டி வாங்கும்போது மணிக்கு எத்தனை லிட்டர் சுற்றும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். தங்கமீன் தொட்டிக்கு ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் எட்டு முதல் பத்து முறை சுற்றி வர வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய வடிகட்டி போட்டாலும் மீன் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று அர்த்தமில்லை. மின்சாரம் நின்றால் எல்லா வடிகட்டியும் ஒன்றுதான். தீவனம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மூழ்கும் குருணை நல்லது. மிதக்கும் தீவனம் என்றால் உருண்டை உடல் மீன்கள் மேலே வந்து காற்றோடு விழுங்கி, பிறகு வயிறு மிதந்து தலைகீழாகத் தவிக்கும். வாரத்தில் ஒரு நாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி கொடுக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்போடு அள்ளிப் போட்டுவிடுவார்கள். சில நாள் பட்டினி மீனுக்கு ஒன்றும் செய்யாது.

எண்ணிக்கை அதிகமா என்பதைத் தொட்டியே சொல்லும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள். இது நீர் மாற்றும் நாளுக்கு முந்தின மாலையில் இருக்க வேண்டிய அளவு. அதைக் காப்பாற்ற வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் மீன் அதிகம். விடியற்காலையில் மேற்பரப்பில் கூடினால் அதிகம். நீர் மாற்றிய மறுநாளே மங்கி வாடை வந்தால் அதிகம்.

அதிகம் என்று தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள், கோடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாங்கிய கடையில் கேட்டால் பல நேரம் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், பணம் தராவிட்டாலும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் தொழில் செய்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். கிராமத்தில் சிமென்ட் தொட்டியோ சிறு குளமோ வைத்திருக்கும் உறவினர் இருந்தால் ஒற்றை வால் வகைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். வீட்டுத் தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் நம் ஏரிகள் சிலவற்றில் பெருகி, வலை வீசுகிறவர்களுக்கு அது மட்டுமே கிடைக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தங்கமீனும் சேற்றைக் கிளறித் தின்னும் கெண்டைதான். கொடுத்தனுப்பும் மீனுக்கு முந்தின நாள் தீவனம் போடாதீர்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. விடியற்காலை பஸ்ஸில் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் பையைப் பதினைந்து நிமிடம் புதிய தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துவிட்டு, பிறகு மீனை மட்டும் கையால் எடுத்து விடுங்கள்.